எதிர்வீட்டு லாவெண்டர்

எங்கள் தெருவில் மாடித்தோட்டம் என்றால் அது என்னுடையதுதான். அயனம்பாக்கம் ஏரிக்காற்று நேராக வந்து மோதும் மொட்டைமாடியில் கத்தரி, வெண்டை, செம்பருத்தி எல்லாம் வைத்திருக்கிறேன். யார் வீட்டு ரோஜாவில் பூச்சி விழுந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒருநாள் செடி வண்டிக்காரர் லாவெண்டர் கொண்டுவந்தார். நான் ஒன்று வாங்கினேன். எதிர்வீட்டில் குடியிருக்கும், கால் டாக்சி ஓட்டும் தம்பியும் ஆசைக்கு ஒன்று வாங்கினார்.

புதுத் தொட்டி, மண்புழு உரம், காலையும் மாலையும் தண்ணீர் என்று பிள்ளைத்தாய்ச்சியைப் போல என் செடியைக் கவனித்தேன். அது அடியிலிருந்து கறுத்து, வேர் அழுகிச் செத்தது. அவருடையது பழைய பெயிண்ட் வாளியில், பாதிக்குப் பாதி மணலில், கைப்பிடிச் சுவர்மேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அது பூத்தது. காலையில் பல் துலக்க மாடிக்குப் போனால் அந்த ஊதாதான் முதலில் கண்ணில் படும். திரும்பி நின்று துலக்குவேன்.

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "எப்டிப்பா வளத்த?"

"நான் இன்னாண்ணே பண்ணேன்? நெனப்பு வந்தா தண்ணி ஊத்துவேன். அது பாட்டுக்கு கீது."

பாடுபட்டு வளர்த்தேன் என்று சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குக் கிளம்பியவர் வாளியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "மழ வர்ற மாதிரி கீதுண்ணே. வர்ற வரிக்கும் உங்க ஊட்ல வெச்சுக்கோங்க. செடியப் பத்தி உங்கள உட்டா யாருக்குத் தெரியும்?"

கேலியோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, வெள்ளை மனசு. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. வாளியைத் திறந்த மாடியில் விட்டாலே போதும், யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் கை கேட்கவில்லை. மாடிப்படியின் கூரைக்குக் கீழே, காற்றுப்படும் இடமாகப் பார்த்து வைத்தேன்.

பண்டிகைக்குப் பட்டாபிராமிலிருந்து என் மச்சானும் அவர் மனைவியும் வந்தார்கள். பூவைப் பார்த்ததும் அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். "மெட்ராஸ் வெயில்ல லாவெண்டரா! அண்ணன் கைராசியே தனி!"

நான் மறுக்கவில்லை. "வெயில் நல்லாப் படணும், தண்ணி அளவாத்தான் ஊத்தணும்" என்று ஆரம்பித்தேன்.

"அது எதிர்வீட்டுத் தம்பியோடது. இவரோடது எப்பவோ அழுகிப்போச்சு" என்றாள் முறுக்குத் தட்டோடு வந்த என் மனைவி.

மச்சான் சிரித்த சிரிப்பில் எனக்கு முறுக்கு இறங்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய தம்பி, வாளியை எடுக்க வந்தபோது சொன்னார், "ஒரு கிள தரட்டாண்ணே? வெச்சுப் பாருங்களேன்."

"வேணாம்ப்பா, மாடில எடமில்ல" என்றேன்.

"எனக்குக் குடு தம்பி" என்று பின்னாலிருந்து கை நீட்டினாள் மனைவி.

அந்தக் கிளையை ஒரு தயிர் டப்பாவில் மணல் நிரப்பி நட்டு, சமையலறை ஜன்னலில் வைத்தாள். போன வாரம் அது துளிர்விட்டிருக்கிறது. நான் தண்ணீர்ச் சொம்போடு அந்தப் பக்கம் போனாலே, "நீங்க உங்க கத்தரிக்காயப் பாருங்க" என்கிறாள். சொம்போடு மாடி ஏறிவிடுகிறேன்.