ஹைட்ரோஸ் டிரம்முக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் சாமி அறைக்குக் கதவுகூடக் கிடையாது. ஹைட்ரோஸ் அறைக்குத்தான் பூட்டு இருந்தது.

நகரியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பவர்லூம் ஓடும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை. நூலில் சாயம் ஏற வேண்டுமென்றால் தொட்டியில் ஹைட்ரோஸ் போட்டாக வேண்டும். பார்க்க வெள்ளைச் சர்க்கரை மாதிரி சாதுவாக டிரம்முக்குள் கிடக்கும். அதில் கொஞ்சம் ஈரம் பட்டுவிட்டால் தானாகவே சூடேறிப் புகையும். மூடிய அறையில் அந்தப் புகையோடு மாட்டிக்கொண்டவர் பிழைப்பது கஷ்டம். நான்காம் வகுப்புப் படித்த எனக்கு வாய்ப்பாட்டைவிட இது நன்றாகத் தெரியும். நைனா, அதாவது அப்பா, அவ்வளவு தடவை சொல்லியிருந்தார். ஈரக் கையோடு உள்ளே போகக் கூடாது, கரண்டி காய்ந்திருக்க வேண்டும், அள்ளியதும் மூடிவிட வேண்டும். சாவி இரண்டு. ஒன்று நைனாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கும், இன்னொன்று மாமாவிடம் இருக்கும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பட்டறையில் வேலை செய்துகொண்டு, ஹைட்ரோஸ் அறையை ஒட்டிய சின்ன அறையிலேயே தங்கியிருந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது.

அன்று ஆயுத பூஜை. தறி ஓடாது, தொட்டி கொதிக்காது. தராசு, வாளி, சைக்கிள், அம்மாவின் மிக்ஸி வரை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். பொட்டு வைப்பது என் வேலை.

"ஹைட்ரோஸ் ரூமுக்கு வாசக்காலோட சரி. உள்ள போவாத, தெரியுதா?" என்றார் நைனா.

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. மிக்ஸிக்குப் பொட்டு உண்டு, வீட்டையே பயமுறுத்திக்கொண்டிருக்கும் டிரம்முக்குக் கிடையாதா? கல்யாண வீட்டில் கோபக்காரப் பெரியப்பாவுக்குத்தானே முதல் இலை போடுகிறார்கள்?

டிரம்மைக் காய்ந்த துணியால் துடைப்பதற்காக மாமா அறையைத் திறந்தார். அதற்குள் பூசணிக்காய் வந்துவிட்டது என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் உள்ளே போனேன். பாதி தீர்ந்திருந்த டிரம்மின் மூடியைத் தூக்கினேன். உள்ளே இருந்த அலுமினியக் கரண்டியை எடுத்துப் போய், எல்லாச் சாமானையும் கழுவியது போலவே குழாயடியில் கழுவினேன். கைப்பிடி நுனியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பொட்டு மேலே தெரிகிற மாதிரி பொடிக்குள் நட்டமாகக் குத்தி வைத்தேன். பிறகு மாவிலையை மஞ்சள் தண்ணீரில் நனைத்து மூன்று முறை தெளித்தேன். யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது என்று கண்ணை மூடிச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். வேண்டுதலில் ஒரு குறையும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது தீக்குச்சி உரசின மாதிரி லேசாக ஒரு வாசனை வந்தது. அப்போதுதான் செய்த காரியம் உறைத்தது. மூடியை வைத்து அமுக்கிவிட்டு ஓடிவந்துவிட்டேன். மாமா திரும்பி வந்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டினார்.

வடையையும் பாயசத்தையும் இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் திருப்பதியில் அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். மாமா மட்டும் வரவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க. ராத்திரி முழுக்க தொட்டி கழுவிக்கினு இருந்தேன். செத்த படுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறையில் பாயை விரித்தார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. விரல் நுனியில் குங்குமம் அப்படியே இருந்தது. பாவாடையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

"நைனா, ஹைட்ரோஸ்ல தண்ணி பட்டா ஒடனே பத்திக்குமா?"

"ஒடனே பத்தாது. உள்ளயே சூடாயிக்கினு இருக்கும். பொறவுதான் பொகையும். எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

உடனே பற்றாது என்பதில் முதலில் நிம்மதி வந்தது. அடுத்த நிமிஷமே, இப்போது உள்ளே சூடாகிக்கொண்டிருக்கிறது என்பது புரிந்தது. மாமா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர். அந்த வாய்தான் கண்ணுக்குள் நின்றது. சொன்னால் நைனா தோலை உரித்துவிடுவார், சொல்லாவிட்டால் மாமா செத்துப்போவார். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று புத்தூர் வரை யோசித்தேன் என்பதை இன்றும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நைனா, ஹைட்ரோஸ் ரூம்ல தீக்குச்சி வாசன வந்திச்சி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நைனா சட்டென்று போனை எடுத்தார். மாமாவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார், எடுக்கவில்லை. "தம்பி, எடுடா, எடுடா" என்று அம்மா பக்கத்திலேயே பிதற்றிக்கொண்டிருந்தாள். ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிவிட்டு நைனா ஒரு ஆட்டோவைப் பிடித்தார்.

தெருமுனையிலேயே நெடி மூக்கைப் பிடித்தது. பின்வாசல் வெட்டவெளியில் டிரம் நின்று புகைந்துகொண்டிருந்தது. நெடியில் விழித்துக்கொண்ட மாமா, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அதைத் தனியாளாக வெளியே உருட்டி வந்திருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"ஊத்தாதீங்க! குடத்துத் தண்ணி ஊத்தினா இன்னும் ஜாஸ்தியாவும்! காத்து வர்ற பக்கமா வந்து நில்லுங்க!" என்று நைனா கையை விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஃபயர் வண்டி வந்து, தூரத்தில் நின்றபடியே வெள்ளமாகத் தண்ணீரை அடித்தது. அந்த அளவு தண்ணீருக்குத்தான் அது அடங்கும்.

மாமா வேலியோரம் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். உயிரோடுதான் இருந்தார். அவர் மடியில் அந்த அலுமினியக் கரண்டி இருந்தது.

"ரூம் சாவி யாருகிட்ட இருந்திச்சி?" என்று கேட்டார் நைனா.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்தார்.

"என்கிட்டதான். காலையில ஈரக் கையோட மூடியத் தொறந்துட்டேன் போல."

அத்தனை பேர் முன்னால் நைனா அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் சரியான பேச்சு இல்லை. தை பிறந்ததும் மாமா நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் அதிகம் என்றாள் அம்மா. நானும் நம்பினேன். மாமா நிஜமாகவே ஈரக் கையோடு திறந்திருப்பார், என் மூன்று சொட்டால் என்ன ஆகியிருக்கும் என்றுகூட நம்பத் தொடங்கினேன்.

நைனா திட்டிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க மாமா தலை நிமிரவே இல்லை. இருமலுக்கு நடுவிலும் லுங்கி நுனியால் கரண்டியின் கைப்பிடியை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊரே கூடி நிற்க, திட்டு வாங்குகிற நேரத்தில் போய்க் கரண்டியைத் துடைக்கிறாரே, இந்த மாமாவுக்குச் சுத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.