எச்.டி.க்கு இரக்கமே கிடையாது

2008 நவம்பர் 16, ஞாயிறு. எழுந்தேன், குழாயில் தண்ணீர் பிடித்தேன், செடிகளுக்கு ஊற்றினேன், இட்லி சாப்பிட்டேன், தலைக்கு டை அடித்தேன். மாதத்தின் மூன்றாவது ஞாயிறு என்றால் டை. இதில் மாற்றமே கிடையாது.

மாலையில் நானும் மனைவியும் மச்சினன் வீட்டுக்குப் போனோம். செங்கல்பட்டிலேயே, நாலு தெரு தள்ளி. அவன் மகளின் நிச்சயதார்த்த வீடியோ தயாராகியிருந்தது. மதுராந்தகம் ஸ்டூடியோக்காரர் தன் புது எச்.டி. கேமராவில் எடுத்தது. அவரே வந்து பெரிய டி.வி.யில் போட்டுக் காட்டினார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பக் கல்யாண கேசட் எதைப் போட்டாலும் முதலில் வருவது நான்தான். மண்டப வாசலில் கைகூப்பி நின்று, வந்தவர்களை வரவேற்று நாலு வார்த்தை பேசுவேன். தொண்ணூற்று ஒன்றிலிருந்து அது என் பதவி. காரணம்? முகம்! நல்ல சிவப்பு, அதன்மேல் பவுடர், அதன்மேல் லைட்... பழைய கேமராவில் ஜொலிப்பேன். பக்கத்தில் என் சகலை நின்றால் அவருடைய சட்டை மட்டும்தான் தெரியும். முட்டுக்காடு படகுத்துறையில் வேலை. வெயில் காய்ச்சிய கறுப்பு.

டி.வி.யில் நான் வந்தேன்.

கடவுளே! வழக்கம்போல் பூசிய பவுடர் மூக்கோரம் திட்டுத் திட்டாக நிற்கிறது. வியர்வை அதில் வாய்க்கால் வெட்டி ஓடுகிறது. காதுக்கு மேலே, தோலில் டை கறை!

"இன்னாங்க... மூஞ்சிக்கு ஒயிட்வாஷ் அடிச்சிக்கினா வந்தீங்க?" என்றாள் மனைவி. கூடமே சிரித்தது.

அடுத்து சகலை. பவுடர் கிடையாது. ஈரத் துண்டால் முகம் துடைத்ததோடு சரி. அந்தக் கறுப்பு — எப்படிச் சொல்வது? — எண்ணெய் தடவிய கருங்கல் மாதிரி மின்னியது. கண்ணோரச் சுருக்கம்கூட அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னா அண்ணாத்த, இது நம்ம மூஞ்சியா?" என்று சகலை என்னிடமே கேட்டார். கேட்டுவிட்டு வெட்கம் வேறு!

ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. அடுத்த வாரம் முகூர்த்தத்துக்கு, வரவேற்புல இவரையே நிக்க வெச்சுடலாமா? க்ளோசப்புக்குன்னே செஞ்ச மூஞ்சி சார்!"

மச்சினன் என்னைப் பார்த்தான். "நீங்களே சொல்லுங்க மாமா."

"காலைல சொல்றேன்" என்றேன்.

எதுவும் தெளிவாகத் தெரிவது நல்லது என்கிறார்கள். யாருக்கு நல்லது? இத்தனை வருடம் என் முகத்தில் பாதியைக் கேமராவின் மங்கல்தான் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த மங்கலைப் பிடுங்கிக்கொண்டு, பதவியையும் சகலைக்குக் கொடுப்பார்களாம்!

பொறாமையா என்கிறீர்களா? ஆமாம். அன்று பாயசம்கூட இறங்கவில்லை. சகலை இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

திங்கள் காலை, பல் தேய்ப்பதற்கும் முன்னால், ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பழைய கேமரா இன்னும் இருக்குல்ல? வரவேற்பை மட்டும் அதுல எடுத்துடுங்களேன். நானே நிக்கிறேன்."

"கேமரா கீது சார்..." என்று இழுத்தார். "ஆனா மண்டபம் தொறக்கறதுலேருந்து சாப்பாடு முடியற வரைக்கும் அது அக்காவுக்குப் புக் ஆயிடுச்சே."

"எந்த அக்கா?"

"உங்க வூட்டு அக்காதான் சார். நேத்து வூட்டுக்குப் போனதுமே போன் பண்ணிட்டாங்க. அவங்களை எச்.டி.ல எடுத்தா கேமராவையே ஒடைப்பாங்களாம்."

வரவேற்பு சகலைதான் சொல்கிறார். எங்கள் வீட்டில் ஒருவருக்காவது அழகு மிஞ்சட்டும்!