தோளில் பலகை ஏறிய நாள்

அன்று காலை பட்டறை முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி. கையில் டீ கிளாஸ்.

என் மனைவி. முழங்கை வரை மண்.

மண் கலக்குகிற ஆள். கலக்காமல் நின்றார்.

துணிக்கடை பாய். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சைக்கிள் மிதித்து வந்திருந்தார்.

டாக்டரம்மா. ஸ்கூட்டியை வேப்ப மர நிழலில் நிறுத்தியிருந்தார். தான் டாக்டர் இல்லை, பிசியோதெரபி பார்க்கிறவள் என்று பலமுறை சொல்லிவிட்டார். எங்களுக்கு டாக்டரம்மாதான்.

அப்புறம் நான்.

எனக்கு முன்னால் பலகை.

ஆறடி நீளம், முக்கால் அடி அகலம். அதன்மேல் இரண்டு வரிசையாகக் கப்புகள். இன்னும் சூளைக்குப் போகாத பச்சைக் கப்புகள். விரலால் அழுத்தினால் நசுங்கும். பலகைக்கு முப்பத்தாறு. வலது தோளில் வைத்து, வலது கையை மேலே தூக்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கொட்டகையிலிருந்து சூளை வாசலில் காயப் போடுகிற தட்டு வரைக்கும் நடக்க வேண்டும். நாற்பது தப்படி. பதினெட்டு வருஷம் அதுதான் என் வேலை. எனக்கு வேறு வேலை தெரியாது. கை தூக்க வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் இல்லை.

ஒன்பது மாதமாக வரவில்லை.

போன ஐப்பசி மழையில் கருவேப்பிலங்குறிச்சி போய்த் திரும்பும்போது மொபெட் சறுக்கியது. வலது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே எலும்பு விரிசல். ஆஸ்பத்திரியில் கையை மடக்கிக் கழுத்தோடு தூளி மாதிரிக் கட்டிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். கையை அசைக்கச் சொல்லித் தருவோம் என்றார்கள்.

நாங்கள் போகவில்லை. அதற்குக் காரணம் காது.

கப்பில் கைப்பிடி இருக்கிறதே, அதைத்தான் எங்கள் பட்டறையில் காது என்போம். என் மனைவிக்கு அந்த வேலைதான். கப்பில் இரண்டு கீறல் போட்டு, மண்கூழ் தொட்டு, காதை ஒட்டி வைப்பாள். ஒட்டின காதை யாரும் தொடக் கூடாது. காய்கிற வரைக்கும் அது ஆடவே கூடாது. அசைந்த காது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சூளைக்குள் போனதும் கழன்றுவிடும்.

மூன்று வாரம் முடிந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அவள் வாசலில் நின்றாள்.

"எங்க போறீங்க?"

"கையை ஆட்டிக் காட்டுவாங்களாம்."

"ஒட்டுன காதை எவனாச்சும் ஆட்டிப் பாப்பானா? பேசாம வூட்ல கெடங்க."

எனக்கும் அது சரியாகப்பட்டது. கட்டை அவிழ்க்கவில்லை. அவளே பழைய புடவையைக் கிழித்து இன்னும் இறுக்கிக் கட்டினாள். கார்த்திகை, மார்கழி, தை. நன்றாகக் காயட்டும் என்று இருந்தோம்.

தை கடைசியில் அவிழ்த்தோம். கை கீழே இறங்கியது. மேலே ஏறவில்லை. நெஞ்சு உயரத்துக்குக் கூட வரவில்லை. தூக்கினால் தோளுக்குள் ஆணி அடித்தது போல வலித்தது. தலை சீவ அவள் வேண்டும். சட்டை மாட்ட அவள் வேண்டும்.

முதலாளி நல்ல மனுஷன். உட்கார்ந்து பஞ்சு வைத்துக் கப்பின் வாயைத் துடைக்கிற வேலை கொடுத்தார். கூடவே சொன்னார்.

"ஆடி முடிஞ்சா ஆர்டர் வந்துடும்ப்பா. அதுக்குள்ள கை தூக்குச்சுன்னா பலகை உன்னுது. இல்லன்னா மங்களூர்க்காரன் ஒருத்தன் கேட்டுக்கினு இருக்கான். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

"இல்லீங்க."

பஞ்சை நனைத்து அடுத்த கப்பைத் துடைத்தேன்.

சட்டை வாங்கத்தான் பாய் கடைக்குப் போனேன்.

"கையைத் தூக்காம மாட்டுற சட்டை இருக்குதா பாய்?"

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்டூலிலிருந்து இறங்கி, காலை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். முட்டி வலி. துபாயில் பன்னிரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்த கால்.

"சட்டை இருக்குது. உனக்குச் சட்டை வேணாம்ப்பா. கை வேணும். சாயந்தரம் எங்கூட வா."

கூட்டிக்கொண்டு போனார். கடைவீதிப் பக்கம் ஒரு மாடி அறை. படியேறி முடிப்பதற்குள் பாய் மூன்று இடத்தில் நின்றார். உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தார்.

"முட்டி வலிக்காரனுக்கு மாடியில கடை வெச்சவ இந்த ஊர்ல நீ ஒருத்திதாம்மா."

"படி ஏறுறதும் ட்ரீட்மெண்ட்தான் பாய். அதுக்கு காசு வாங்கலன்னு சந்தோஷப்படுங்க" என்றார் டாக்டரம்மா.

சின்ன வயசு. என் தோளை அழுத்திப் பார்த்தார். கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். எத்தனை நாள் கட்டியிருந்தீர்கள் என்றார். சொன்னேன். ஏன் என்றார். காது விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. பாய்தான் சிரித்தார்.

"அண்ணே, எலும்பு நல்லாவே ஒட்டிக்கிச்சு" என்றார் டாக்டரம்மா. "கூடவே ஒட்டக் கூடாததும் ஒட்டிக்கிச்சு. தோளைச் சுத்தி ஒரு பை மாதிரி இருக்குது. அசைக்காம வெச்சதுல அது சுருங்கிப் போச்சு. அதை மறுபடி இழுத்து விடணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்."

"சுருங்குன துணின்னு சொல்லு. நீவி நீவி எடுக்கணும்" என்றார் பாய்.

"அதேதான். மாசக்கணக்கு ஆகும். தினம் செய்யணும். நான் ஒரு மணி நேரம்தான். மிச்சம் உங்க வூட்ல."

"பலகை தூக்கலாமா?" என்றேன்.

"எந்தப் பலகை?"

சொன்னேன். என் தோளை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.

"பாக்கலாம்ணே" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"நாந்தான கட்டி வெச்சேன்."

"நானுந்தான கட்டிக்கினேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் முதல் அவள் பிடித்த பிடி டாக்டரம்மா பிடியை விடக் கெட்டி.

முதலில் சுடு ஒத்தடம். பிறகு குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு, கோயில் மணி நாக்கு மாதிரி ஆட்ட வேண்டும். பிறகு இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கை கெட்ட கையைத் தூக்கிவிட வேண்டும். பிறகு சுவரில் விரலால் ஏற வேண்டும், பல்லி மாதிரி. கதவு நிலைக்கு மேலே ஒரு கப்பி. அதில் கயிறு. ஒரு கை இறங்கினால் மறு கை ஏறும். வீட்டில் பழைய கிணற்றுக் கப்பி கிடந்தது. அதை மாட்டினோம். தெருவில் போகிறவர்கள், வீட்டுக்குள் கிணறு தோண்டிவிட்டாயா என்று கேட்டார்கள்.

வலிக்கு டாக்டரம்மா ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"செய்யும்போது வலிக்கும். அது இருக்கட்டும். செஞ்சு முடிச்சுக் கொஞ்ச நேரத்துல அடங்கிடணும். மறுநாள் காலையிலயும் வலிச்சா அதிகமா செஞ்சிட்டீங்கன்னு அர்த்தம்."

எனக்கு ஆடி கண்ணுக்கு முன்னால் நின்றது. பத்துத் தடவை செய்யச் சொன்னதை ஐம்பது தடவை செய்தேன். நான்காம் நாள் தோளைத் தொட முடியவில்லை. இருந்ததும் குறைந்து போனது.

டாக்டரம்மா முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, சூளையில தீயை ஒரே மூச்சுல ஏத்துவீங்களா?"

"மாட்டோம்."

"ஏன்?"

"சாமான் வெடிச்சிடும்."

"அப்புறம் இந்தத் தோளு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

எனக்குப் புரிந்துவிட்டது. காதை வைத்து நான் தப்பாகப் போட்ட கணக்கைச் சூளையை வைத்து அவர் நேராக்கிவிட்டார். அன்று முதல் பத்து என்றால் பத்து.

மாடி அறைச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. அதற்குப் பக்கத்தில்தான் நான் விரலால் ஏறுவேன். முதல் நாள் ஸ்விட்ச் பெட்டி வரைக்கும். மாசி முடியும்போது காலண்டருக்கு ஒரு சாண் கீழே. பங்குனி முழுக்க அங்கேயே நின்றது. எனக்குப் பக்கத்தில் பாய் மேஜையில் குப்புறப் படுத்துக் குதிகாலை மடக்குவார். பள்ளிவாசலில் பின்னால் நாற்காலி போட்டுத் தொழுகிறவர் அவர். நோன்புக்கு முன்னால் தரையில் மண்டி போட வேண்டும். அது அவர் ஆசை.

"நீ காலண்டரைத் தொடுறியா, நான் குதிகாலைத் தொடுறனா பாப்பம்."

"பாப்பம் பாய்."

"தோத்தவன் டீ."

"சரி பாய்."

"இவன்கிட்ட பந்தயம் கட்டுறதுக்குச் சொவுத்துகிட்ட கட்டலாம். அதாச்சும் எதிரொலி குடுக்கும்."

சித்திரையில் ஒரு நாள் விரல் ஏறிக்கொண்டே போனது. தாள் கையில் பட்டது. தேதி கிழிக்கிற இடம். ஒன்றும் யோசிக்கவில்லை. கிழித்துவிட்டேன். சந்தோஷத்தில் இரண்டு தாள் வந்துவிட்டது.

பாய் படுத்தபடியே கத்தினார். "டோய், நாளைய தேதியையும் கிழிச்சிட்டான்! டாக்டரம்மா, நாளைக்கு உனக்கு லீவு!"

டாக்டரம்மா கை தட்டினார். காத்திருந்தவர்களும் தட்டினார்கள். பாய் டீ வாங்கித் தந்தார். கீழே போய் அவரே வாங்கி வந்தார். படியில் ஒரே இடத்தில்தான் நின்றாராம்.

வைகாசியில் மனைவியோடு ஸ்ரீமுஷ்ணம் போனேன். பஸ்ஸில் பாதி சீட் காலி. நான் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலது கையால்.

கண்டக்டர் வந்தார். "சீட்டு காலியாத்தான கெடக்குது, ஏண்ணே தொங்குற?"

"இப்படித்தான் வசதியா இருக்குது."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனியில் டாக்டரம்மா சொன்னார். "அந்தப் பலகையை எடுத்துட்டு வாங்கண்ணே."

இடது தோளில் வைத்துக் கடைவீதி வழியாக நடந்தேன். பரண் போடவா, பெஞ்சு செய்யவா என்று கேட்டார்கள். பிசியோவுக்கு என்றேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. அறைக்குள் முதலில் வெறும் பலகை. பிறகு பாய் கடையிலிருந்து வேட்டிக் கட்டுகள் வந்தன. விழுந்தால் உடையாது. இரண்டு கட்டு, நான்கு கட்டு, ஆறு கட்டு. அடுத்த வாரம் எட்டு. ஒருமுறை எல்லாம் சரிந்து பாய் முதுகில் விழுந்தது. "வேட்டி வேணும்னா கேட்டு வாங்குப்பா" என்றார்.

ஆடி கடைசி வாரம். முதலாளி சொன்னார். "நாளைக்குக் காலையில ஒரு பலகை. மொத்தக் கப்பும் முழுசா சூளைக்குப் போவணும். பாத்துடலாம்."

மனைவி டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மா பாயிடம் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள்.

பலகையில் இருந்த காது எல்லாம் என் மனைவி ஒட்டியது. காலையில் ஒட்டியது. இன்னும் ஈரம்.

குனிந்து தோளைக் கொடுத்தேன். பாரம் ஏறியது. கை மேலே போனது. விளிம்பு கிடைத்தது.

"பிஸ்மில்லா" என்றார் பாய்.

நடந்தேன். தோளில் ஒரு இழுப்பு இருந்தது. வலி இல்லை, இழுப்புதான். பத்தாவது தப்படியில் ஒரு கோழி குறுக்கே வந்தது. நின்றேன். அது போனது. நடந்தேன். முப்பது. முப்பத்தைந்து. நாற்பது. சூளை வாசல் தட்டில் இறக்கினேன்.

மனைவி வந்தாள். ஒவ்வொரு காதாகக் குனிந்து பார்த்தாள். கடைசிக் கப்பு வரைக்கும் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆடல" என்றாள்.

முதலாளி டீயை அப்போதுதான் குடித்தார். ஆறிப் போயிருக்கும். "மங்களூர்க்காரனுக்கு வேற வேலை பாத்துக் குடுக்கறேன். போ, போயி அடுத்த பலகையை எடு."

பாய் சும்மா இருப்பாரா. மண் மூட்டைச் சாக்கு ஒன்றை விரித்தார். எங்கள் எல்லாருக்கும் முன்னால் முட்டியை மடக்கி மண்டி போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த நோம்புக்கு நானும் தரையிலதான்."

"எழுந்திரிக்க வருமா பாய்?" என்றார் மண் கலக்குகிற ஆள்.

"அதுக்குத்தான் டாக்டரம்மா நிக்குது."

தானாகவே எழுந்தார்.

டாக்டரம்மா கிளம்பும்போது என் பக்கம் விரலை நீட்டினார். "இன்னைக்குப் பத்து பலகை. மேல ஒண்ணு கூடக் கூடாது. ரெண்டு பலகைக்கு ஒருக்கா உக்காரணும். சாயந்தரம் ஒத்தடம். அக்கா, நீங்க எண்ணிக்கோங்க."

"நான் எண்ணிக்கறேன்" என்றாள் மனைவி.

எங்கள் பட்டறையில் ஒரு பலகை கிளம்பினால், காது ஒட்டுகிறவள் தூணில் மண்கூழால் ஒரு விரல் கோடு இழுப்பாள். அது எப்போதும் உள்ள வழக்கம். ஒன்பது மாதமாக வேறு ஆள் தூக்கிய பலகைக்குக் கோடு இழுத்த தூண். அன்று காலையில் அவள் அதை ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள்.

சொன்னபடி உட்கார்ந்து உட்கார்ந்து தூக்கினேன். சாயந்தரம் கை கழுவப் போனபோது கேட்டாள்.

"எத்தினி?"

"பத்து."

தூணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்க வேண்டும் என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"டாக்டரம்மா கேட்டா நானும் பத்துன்னுதான் சொல்லுவேன். வாங்க போவலாம்."

அவள் முன்னால் போனாள். நான் தூண் அருகே நின்று கோடுகளை எண்ணினேன்.

பதினொன்று.