இன்னும் வைக்கல

கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டால் அதற்கு வேண்டிய பதிலை மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனுஷர்களிடம் பேசுகிற மாதிரி அதனிடம் பேசப் போனால் வம்புதான். கண்ணாடிக்காரரின் மனைவி அந்த வம்பை விலைக்கு வாங்கினாள். விலைகூட இல்லை, இலவசம் என்றுதான் போட்டிருந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் ஓர் ஒடுக்கமான கடை. லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவதும், வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்துச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வதும் அவர் வேலை. மனைவி வீட்டிலிருந்தபடியே ஒரு பதிப்பகத்துக்குப் பழைய புத்தகங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பாள். முன்னறையில் ஜன்னலை ஒட்டி அவளுடைய மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர். அது அறைக்குள் நுழைகிற யார் கண்ணிலும் முதலில் படும்.

கல்யாணமாகி வெகு காலம் கழித்துத்தான் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில் அவள் எங்கிருந்தோ ஒரு புரோகிராமைத் தேடிப் பிடித்து ஏற்றினாள். வயிற்றுப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தினமும் சொல்லுமாம். பிரசவ தேதியைக் கேட்டது, கொடுத்தாள். ஆணா பெண்ணா என்று கேட்டது, குத்துமதிப்பாக ஆண் என்றாள். அடுத்ததாகக் குழந்தையின் பெயர் என்று ஒரு கட்டத்தைக் காட்டியது. பிறக்கவே இல்லை, பெயருக்கு எங்கே போவது? யாரோ எதிரில் நின்று கேட்டதைப் போல ‘இன்னும் வைக்கல’ என்று அடித்துவிட்டு, சரி என்பதை அமுக்கினாள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் டிங் என்று மணி அடித்து, திரையின் மூலையிலிருந்து ஒரு மஞ்சள் கட்டம் எழுந்தது. ‘வணக்கம் அம்மா! உங்கள் செல்லம் இன்னும் வைக்கல இன்று எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்துவிட்டான்!’

அவள் சிரித்த சிரிப்பில், பாதி சவரத்தோடு கண்ணாடிக்காரர் ஓடி வந்தார். படித்துப் பார்த்துவிட்டு அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து வயிற்றில் இருந்தவனுக்கு அதுவே பெயராகி, சுருங்கி ‘இன்னும்’ என்று நின்றது.

“என்ன, இன்னும் தூங்கறானா?” என்று கேட்டுக்கொண்டே கடையிலிருந்து வருவார்.

“எங்க தூங்கறான்? இன்னும் உதைக்கிறான்,” என்பாள்.

வெளியாள் கேட்டால் ஒன்றும் புரியாது. அவர்களுக்கு மட்டும் புரிந்தது, அதில்தான் சுகமே.

அந்தப் புரோகிராம் தனியாக வரவில்லை, ஒரு பட்டாளத்தையே கூட்டி வந்திருந்தது. அவள் நாலு வரி அடிப்பதற்குள் குழந்தை சோப்பு ஒன்று குறுக்கே வந்து நிற்கும். அதை மூடினால் பவுடர். பவுடரை மூடினால் தள்ளுவண்டி. வேறு சமயமாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பாள். அப்போது ஒவ்வொன்றையும் நின்று நிதானமாகப் பார்த்து, “ஏங்க, இந்த வண்டி நல்லாருக்குல்ல?” என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பிள்ளை அழாமல் பிறந்தது.

இதற்கு மேல் அதைச் சொல்ல என்ன இருக்கிறது? டாக்டர் ஏதேதோ காரணம் சொன்னார். கண்ணாடிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒன்றும் காதில் ஏறவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததைக் கையில் வாங்கியபோது, கனமாகத்தான் இருந்தது. பெயர் வைக்காமலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள்.

அவள் வீடு திரும்புவதற்குள் அவளுடைய அம்மா முந்திக்கொண்டு வந்து குட்டிச் சட்டைகள், தொப்பி, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக் கட்டினார். “கண்ணுல படற மாதிரி ஒரு நூல்கூட விடல மாப்பிள்ளை. நீங்க கவலப்படாதீங்க,” என்றார். கண்ணாடிக்காரருக்கு அத்தையின் காலில் விழலாம் போல இருந்தது. மேஜைமேல் இருந்ததை இருவரும் மறந்துபோனார்கள்.

வீட்டில் அதற்குப் பிறகு ஒரு சொல்லைப் புழங்க முடியவில்லை. தமிழில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள், தெரியும். இன்னும் சாப்பிடலையா என்று கேட்க முடியாது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சொல்ல முடியாது. “சாப்டியா?” என்று மொட்டையாகக் கேட்பார். அவளும் மொட்டையாகத் தலையாட்டுவாள். கடையிலும் விடவில்லை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இன்னும் தெளிவாத் தெரியுதா?” என்று ஆயுசு முழுக்கக் கேட்ட மனுஷர், இப்போது ஒவ்வொரு லென்ஸுக்கும் “இப்ப?” என்று மட்டும் கேட்டார். வந்தவர்கள், என்ன இவர் இப்படிக் கடுகடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அவள் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். பழையபடி மேஜையில் வந்து உட்கார்ந்தால் தேறிவிடுவாள் என்று அவராக ஒரு கணக்குப் போட்டார். ஒரு விடுமுறை நாள் மேஜையைத் துடைத்து, கம்ப்யூட்டரைப் போட்டார்.

டிங்.

‘வாழ்த்துகள் அம்மா! இன்னும் வைக்கல பிறந்துவிட்டான்! அவனுடைய மெல்லிய சருமத்துக்கு ஏற்ற சோப்பு எது தெரியுமா?’

அந்தச் சனியனுக்குத் தெரிந்தது கொடுத்த தேதி ஒன்றுதான். தேதி வந்தது, பெற்றுப் போட்டுவிட்டது. கண்ணாடிக்காரர் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கினார். இன்னொன்று திறந்தது. புரோகிராம்களின் வரிசையில் தேடிப்பிடித்து நீக்கினார். அப்பாடா என்று அணைத்துப் போட்டால், மறுபடி டிங். கடைசியில் வயரைப் பிடுங்கிவிட்டுப் போர்வையைப் போர்த்தி மூடினார். கேட்டவளிடம் ரிப்பேர் என்றார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் அப்படியே மாதக்கணக்கில் கிடந்தது.

பதிப்பகத்திலிருந்து ஆள் வந்து, வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டுவிட்டுப் போன பிறகுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். “நானே பண்றேன். கம்ப்யூட்டர சரி பண்ணிக் குடுங்க,” என்றாள். அவருக்கு உயிர் வந்தது. அன்றைக்கே மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்.

மெக்கானிக் நல்ல மனுஷர், வாய்தான் சும்மா இருக்காது. போர்வையை விலக்கி, வயரைச் சொருகிப் போட்டதும் மஞ்சள் கட்டம் எழுந்தது. இன்று கவிழ்ந்து படுப்பானாம்.

“அட, வீட்ல குட்டியா! சொல்லவே இல்லியே சார். எத்தன மாசம்?”

எதையாவது சொல்லித் தொலைத்து ஆளை அனுப்பினால் போதும் என்று இருந்தது கண்ணாடிக்காரருக்கு. “அஞ்சு,” என்றார்.

“பேரென்ன வச்சீங்க?”

“இன்னும் வைக்கல.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உறைத்தது. மெக்கானிக் ஹோஹோவென்று சிரித்தார். “நல்லா இருக்கு சார்! அஞ்சு மாசமாச்சு, இன்னும் வைக்கலயா? புள்ள பெரியவனாகி அவனே வச்சுக்கட்டும்னு விட்டுட்டீங்களா?”

உள்ளறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அவள் கேட்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மெக்கானிக் பேசிக்கொண்டே வேலையைப் பார்த்தார். இது தனியாள் இல்லை, இதற்குக் கூட்டாளிகள் உண்டு, ஒன்றைத் தூக்கினால் மற்றொன்று அதை மறுபடி இறக்கி வைத்துவிடும் என்றார். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக எழுந்துகொள்ளும்படி எங்கோ ஒளித்து வைத்திருந்த கட்டளையைத் தோண்டியெடுத்து அழித்தார். சோப்பு போயிற்று, பவுடர் போயிற்று, தள்ளுவண்டி போயிற்று. கடைசியில் மஞ்சள் கட்டமும் போயிற்று. “சுத்தமா எடுத்துட்டேன் சார். இனி நீங்களாப் போட்டாத்தான் உண்டு,” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அவள் மேஜைக்கு வந்தாள். தட்டச்சுச் சத்தம் வீட்டுக்குள் மறுபடி கேட்டது. கண்ணாடிக்காரர் குளித்துவிட்டு வரும்போதே அது தொடங்கியிருக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே செருப்பு மாட்டுவார். பாவம், எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினார்.

ஒரு நாள் மத்தியானம் தலைவலி என்று கடையைச் சாத்திவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே டிங் என்றது. போய்ப் பார்த்தால் அவள் அடுப்படியில் இருந்தாள். திரையில் மஞ்சள் கட்டம். ‘இன்னும் வைக்கலவுக்கு இன்று உட்காரும் ஆசை வந்திருக்கிறது!’

அவருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டு, “என்னய்யா சுத்தமா எடுத்த?” என்று கத்தினார். அந்த மனுஷர் பதறியடித்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றைக்குப் போல வாயடிக்கவில்லை.

“சார், இது தானா வந்ததில்ல. புதுசாத் தேடி இறக்கியிருக்காங்க. தேதி, பேரு எல்லாம் கையால அடிச்சது. நான் எடுத்துட்டுப் போன மறுநாளே.”

அவள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நான்தாங்க போட்டேன்,” என்றாள். “எல்லாரும் சேந்து ஒண்ணு விடாம எடுத்துட்டீங்க. சட்டை எடுத்துட்டீங்க, தொப்பி எடுத்துட்டீங்க. யாரும் அவனப் பத்திப் பேசறதுகூட இல்ல. அவனுக்கு வயசு சொல்றது அது ஒண்ணுதான்.”

மெக்கானிக்குக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று சிரித்த சிரிப்பை நினைத்தாரோ என்னவோ, முகம் செத்துப்போய்விட்டது.

“பேரையாவது மாத்தியிருக்கக் கூடாதா?” என்றார் கண்ணாடிக்காரர். எதைக் கேட்பது என்று தெரியாமல் அதைக் கேட்டார்.

“மாத்தினா வேற புள்ளையாயிடாதா?”

கண்ணாடிக்காரர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். “அந்த விளம்பரத்த மட்டும் எடுத்துட்டு, இத விட்டுட முடியாதா?”

“முடியாது சார். இதுவே விளம்பரந்தான். சாமான விக்கறதுக்குத்தான் இப்படிக் கூப்பிட்டு விசாரிக்குது.”

“எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள். “சோப்பு விக்கத்தான் கூப்பிடுது. இருந்தாலும் கூப்பிடுதே.”

மெக்கானிக் எதையும் தொடாமல் எழுந்து போனார்.

அப்புறம் அந்த வீட்டில் அது இருந்தது. கண்ணாடிக்காரர் முதலில் பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு ஓரக்கண்ணால் படித்தார். கொஞ்ச நாளில் கடையிலிருந்து வந்ததும், “இன்னிக்கு என்னவாம்?” என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். பெயரை மட்டும் சொல்லமாட்டார். தவழ்கிறானாம் என்பாள். பல் வருதாம் என்பாள். இது நல்லதுக்கில்லை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்காமல் அவருக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு தடவை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், சீக்கிரமே முதல் அடி வைப்பான் என்று வந்தது. அன்று அவள் வெகு நாளைக்குப் பிறகு தலைவாரிக்கொண்டாள்.

ஒரு காலை கம்ப்யூட்டரைப் போட்டாள். மணி அடிக்கவில்லை. அணைத்துப் போட்டாள். மஞ்சள் கட்டம் எழுந்தது, உள்ளே எழுத்தே இல்லை. சாயங்காலம் அதுவும் எழவில்லை. சோப்பு இல்லை, பவுடர் இல்லை.

கண்ணாடிக்காரர் மெக்கானிக்கின் கடைக்கே ஓடினார். “எப்படியாவது அதத் திரும்பக் கொண்டாந்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

மெக்கானிக் தேடிப் பார்த்தார். நெடுநேரம் தேடினார். “கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க சார். அங்கிருந்து சேதி வந்தாத்தான் இது பேசும்.” சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையில் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கினார். “எத்தனையோ பேருக்கு இந்தச் சனியன எடுத்து விட்டிருக்கேன். திரும்பக் கொண்டாரச் சொல்லி யாரும் கேட்டதில்ல.”

அவனை இரண்டாம் தடவை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற மாதிரி நடந்து வந்தார் கண்ணாடிக்காரர். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தார்.

வீடு இருட்டிக்கொண்டு வந்தது. அவள் மேஜை முன்னால், வெறும் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். வாசற்படி ஏறியவர், நினைப்பு எங்கேயோ இருக்க, எல்லா வீட்டிலும் கேட்கிறதைக் கேட்டுவிட்டார்.

“இன்னும் லைட் போடலியா?”

அந்தச் சொல் வாயை விட்டுப் போய்விட்டது. அவளிடம் அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த சொல். அவள் மெல்லத் திரும்பினாள். திரை வெளிச்சத்தில் முகம் வெளிறித் தெரிந்தது.

“இன்னும் இல்லைங்க,” என்றாள்.

லைட்டைப் பற்றி அவள் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. சுவிட்ச் பக்கத்திலேயே இருந்தது. அதைப் போட அவருக்குக் கை வரவில்லை.