ஷம்ஷாத்துக்கு ஒரு நாற்காலி

போன மாதம் பெருந்துறைக்குப் போயிருந்தேன். என்னோடு படித்த ரேணுகா அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர்.

"கிளாஸ் முடியட்டும், சாப்பிடப் போலாம். அதுவரைக்கும் உள்ள வந்து உக்காரு" என்றாள்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைந்தேன். ஏ.சி. இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் அறைக்கு அந்த மரியாதை உண்டே!

நாற்பது பேருக்கு எட்டு மெஷின். எட்டு நாற்காலியிலும் எட்டுப் பையன்கள். பெண்கள்? நோட்டும் கையுமாகப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்குப் பக்கத்து மெஷினில் செந்தில் என்ற பையன் டைப் அடிக்க, ஷம்ஷாத் என்ற பெண் நோட்டைப் பார்த்து வரிவரியாகச் சொன்னாள். புரோகிராம் அவள் எழுதியது. ஓடவில்லை. எட்டிப் பார்த்தாள்.

"மூணாவது லைன்ல கமாவ உட்டுப்போட்டே, பாரு."

கமாவைப் போட்டான். விடை வந்தது. "சூப்பர்டா செந்தில்!" என்று பையன்கள் அவன் முதுகில் தட்டினார்கள்.

"ஏன் அம்மணி, நீ டைப் பண்ண மாட்டியா?" என்றேன் ஷம்ஷாத்திடம்.

"எனக்கு வராதுங்க மேடம்."

"பண்ணிப் பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

சாப்பிடும்போது ரேணுகாவிடம் சொன்னேன்.

"பசங்க ஓடி வந்து உக்காந்துக்கறாங்க. நாப்பது நிமிஷத்துல முடிக்கோணும்... நானும் விட்டுட்டேன்."

"பிராக்டிகல்ல அந்தப் புள்ள தனியாத்தானே உக்காரோணும்?"

ரேணுகா சாப்பிடுவதை நிறுத்தினாள். பரீட்சைக்கு மூன்றே வாரம்.

மறுநாளே நின்றவர்களை உட்காரவைத்து, உட்கார்ந்தவர்களை எழுப்பிவிட்டாளாம்.

"டீச்சர், இவங்க எழுத்தத் தேடறதுக்குள்ள பெல் அடிச்சுருமுங்க!" என்று செந்தில் கத்தியிருக்கிறான்.

"அடிக்கட்டும்."

அடித்தது. ஷம்ஷாத்தின் திரையில் நாலே வரி — அதிலும் தப்பு. அவளோ முகமெல்லாம் சிரிப்பாக, "டீச்சர், இது நானே பண்ணுன தப்புங்க!" என்றாளாம்.

நேற்று ரேணுகா போன் செய்தாள். பிராக்டிகல் முடிந்துவிட்டது. ஷம்ஷாத் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து, கடைசி நிமிடத்தில் விடையைக் கொண்டுவந்துவிட்டாள். செந்திலுக்குத்தான் விரல் ஓடியும் அடுத்த வரி ஓடவில்லை. சொல்வதற்குப் பின்னால் ஆளில்லையே!

"இன்னும் எட்டு மெஷின் வேணும்னு வருஷா வருஷம் லெட்டர் எழுதுனேன். இருக்கற எட்டுல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாக்கவே இல்ல..." ரேணுகாவின் குரல் இறங்கிவிட்டது.

அவளுக்குச் சமாதானம் சொல்ல நான் யார்? எங்கள் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மகன் உட்கார்ந்து அடிக்கிறான். இந்தப் பத்தியை வாரா வாரம் நான் பின்னால் நின்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!