இடது பக்கமே இழுத்த கார்

போன சனிக்கிழமை, விருதுநகர் பைபாஸ் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கார் டயரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும் – எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று நோண்டாமல் இருக்க முடியாத பிறவி நான்.

கார் என்னுடையது இல்லை. சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் என் தங்கை கணவர் பால்பாண்டியுடையது. தங்கை விஜயாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வாராவாரம் மதுரைக்குப் போய் பிசியோதெரபி எடுத்துக்கொள்ள வேண்டும். விடாமல் போனால்தான் பழையபடி நடக்கலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் நம் ரோடு... அதுவும் நாலுவழிச் சாலை வேலை நடக்கிற இந்த நேரத்தில்? ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கப் பொறுக்காமல் பால்பாண்டி கோயம்புத்தூர் நண்பர் ஒருவரைப் பிடித்து, அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன் வாங்கி மாட்டினார். குலுக்கலைக் குறைக்கலாம், காரின் உயரத்தையும் வேண்டிய மாதிரி ஏற்றி இறக்கலாம். ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்பிரிங்குக்குக் கீழேயும் ஒரு வளையம் இருக்கிறது. அதைக் கொக்கி மாதிரி வளைந்த ஒரு ஸ்பேனரால் திருகினால் போதும்.

சஸ்பென்ஷன் மாற்றினால், சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டுமாம். விருதுநகரில் தங்கராசு என்பவருடைய கடையில் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் எல்லாம் சரி என்றது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கார் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. மறுபடி கடை. மறுபடி சரி. வீட்டுக்கு வந்தால்... மறுபடி இடது.

இடது பக்கம் என்றால் ரோட்டோரப் பள்ளம். அந்தப் பக்கத்து முன் சீட்டில்தான் விஜயா உட்காருவாள். பயந்துபோய், இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு வாரம் மதுரைக்குப் போகவில்லை. விஷயம் காதில் விழுந்ததும் கிளம்பிப் போனேன்.

"நான் ஏறுனாத்தான் இழுக்குதுண்ணே. அம்புட்டு கனமாயிட்டேனா?" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னைக்கு நானும் வாரேன். போற வழியிலே தங்கராசுகிட்டக் காட்டிட்டு அப்படியே மதுரைக்குப் போவோம்" என்றேன்.

"நாளைக்கு நான் மட்டும் போயி காட்டிட்டு வந்திருதேன் மச்சான்" என்றார் பால்பாண்டி.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை மாப்ள."

"அப்ப திங்கக்கிழமை..."

"காலண்டர் சீசன்ல திங்கக்கிழமை அச்சாபீசை விட்டு நகருவீகளா? வண்டியை எடுங்க."

அரைமனதாக எடுத்தார். நான் கூட வருகிறேன் என்ற தைரியத்தில் விஜயாவும் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

விருதுநகர் பைபாஸ் ஓரத்துக் கடையில் தங்கராசு வேறொரு காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் டயரைத் தடவியது. முன்னால் இடது டயரின் உள்பக்கம் புதுசு போல இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, காலைச் சாய்த்து நடப்பவரின் செருப்பு மாதிரி. ஒரே டயர் எப்படி ஒரு பக்கம் மட்டும் தேயும்?

தங்கராசுவிடம் கேட்டேன். "முன்னாடி நின்னு பாருங்க அண்ணாச்சி. சக்கரம் நிமிந்து நிக்குதா, சாஞ்சு நிக்குதா? அதைத்தான் கேம்பர்னு சொல்றது. இந்தச் சக்கரத்தோட தலை வெளியே சாஞ்சிருக்கு. வண்டி அந்தப் பக்கந்தான் ஓடும்" என்றவர் நெற்றியைச் சுருக்கினார். "நான் விடும்போது இப்படி இல்லையே..."

டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வலது பக்கத்து வளையம் அவர் வைத்த இடத்தில் இருந்தது. இடது பக்கத்து வளையம் மேலே ஏறியிருந்தது.

"யாரு இதைத் தொட்டது?"

பால்பாண்டி வானத்தைப் பார்த்தார். "நான்தான். அவளுக்குக் குனிஞ்சு ஏற முடியலை மச்சான். ஏறும்போது ஒரு முனகல் முனகுவா... கேக்க முடியலை. அதான் அவ ஏறுற பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி விட்டேன். எங்க மிஷின்ல ஒரு பக்கம் அச்சு மங்கலா விழுந்தா அந்தப் பக்கத்து ஸ்க்ரூவைத்தானே திருகுவோம்?"

"ரெண்டாந்தடவை நீங்க வந்தப்ப சமமால்ல இருந்துச்சு?" என்றார் தங்கராசு.

"ஏசுவீகன்னு இறக்கிட்டுக் கொண்டாந்தேன். வீட்டுக்குப் போயி மறுபடி ஏத்திட்டேன். இன்னைக்குத்தான் இறக்க மச்சான் நேரம் குடுக்கலை."

தங்கராசு தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. அவள் சுலபமாக ஏற வேண்டும் என்று செய்த காரியமே அவளைக் காரில் ஏறவிடாமல் செய்துவிட்டதே... நாமும் இப்படித்தான் இல்லையா? ஒருவர் படும் சிரமத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. உடனே எதையாவது திருகுவோம். யாருக்காகத் திருகுகிறோமோ, அவரிடம் மட்டும் கேட்க மாட்டோம்.

கார்க் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. விஜயா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா, என்னை நோயாளி ஆக்காதீகன்னு ஏசுவே."

"ஏசத்தான் செய்வேன். அதுக்காகச் சொல்லாம இருப்பீகளா?" பிறகு தங்கராசுவைக் கேட்டாள். "ரெண்டு பக்கத்தையும் சமமாத் தூக்கினா நேரா ஓடுமாண்ணே?"

"ஓடும்மா. தூக்கிட்டு, கேம்பரையும் அலைன்மென்ட்டையும் அதுக்குத் தக்கன திருத்தணும். ஆனா நான் விட்ட பெறவு யாரும் தொடக் கூடாது."

வேலை முடிந்தது. விஜயா குனியாமல், முனகாமல் ஏறி உட்கார்ந்தாள். கார் மதுரை ரோட்டில் நேராக ஓடியது. கொஞ்ச தூரம் வரை கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தவள், திருமங்கலத்துக்கு முன்னாலேயே கையை எடுத்துவிட்டாள். அன்று பிசியோதெரபி தவறவில்லை.

அந்தக் கொக்கி ஸ்பேனர் எங்கே என்கிறீர்களா? விஜயாவின் ஹேண்ட்பேக்கில்.