அரைப்பேர் வந்துருச்சு!

போன செவ்வாய்க்கிழமை தேயிலைத் தோட்டக் கம்பனியின் ஹட்டன் ஆபீசில் இருந்தவர்கள்: கொம்பியூட்டர் பார்க்கும் நான், கணக்குப் பிரிவு சிவபாதம் சேர், வாசலில் ராமாயி அக்காவோடு ஆறு பெண்கள். இல்லாதவர்கள்: கொழும்பு இஞ்சினியரும், சர்வரின் இரண்டாவது டிஸ்க்கும்.

இஞ்சினியர் லீவு. டிஸ்க் செத்தே போயிருந்தது.

வந்த ஏழு பேரும் அக்கரப்பத்தனைப் பக்கம் கொழுந்தெடுத்து ஓய்வுபெறுகிறவர்கள். எத்தனை வருஷம் வேலை செய்தார்கள் என்ற கடிதம் அன்றே வேண்டும். பழைய பதிவேடுகளோ ஈரத்தில் ஒட்டிப் பாளமாகிவிட்டன. எல்லாம் அந்த டிஸ்க்குகளில்தான்...

பயப்படாதீர்கள். இதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. முதல் டிஸ்க்கில் ஏழு, இரண்டாவதில் ஐந்து என்றால், மூன்றாவதில் கூட்டுத்தொகை பன்னிரண்டு. ஐந்து தொலைந்தால் என்ன? பன்னிரண்டில் ஏழைக் கழித்தால் வந்துவிடும்! அலமாரியில் கிடந்த புது டிஸ்க்கைச் சர்வரில் பொருத்தினேன். சர்வர் கழித்துக் கழித்து எழுதத் தொடங்கியது.

ஆனால் முடிவதற்குள் இன்னொரு டிஸ்க் போனால்? கழிக்க ஒன்றும் இருக்காது. ராமாயி அக்காவின் முப்பத்தொரு வருஷமும் போச்சு.

"எல்லாக் கொம்பியூட்டரையும் நிப்பாட்டுங்க சேர். சர்வர் இந்த ஒரு வேலைய மட்டும் பார்க்கட்டும்."

"என்ன கதைக்கிறீர் தம்பி? நாளைக்குச் சம்பளம். சிலிப் அடிக்காட்டி என்ர தலையெல்லோ உருளும்!"

கடைசியில் ஓர் உடன்படிக்கை: ஒரு மணித்தியாலம் டிஸ்க்குக்கு, பத்து நிமிடம் சிலிப்புக்கு. சேர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்குத் திரையில் ஐம்பது வீதம். பாதிப் பேருடைய விபரம் தப்பிவிட்டது! சந்தோஷத்தில் வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன்.

"அக்கா, அரைப்பேர் வந்துருச்சு!"

ராமாயி அக்கா எழுந்து நின்றார்.

"யாருக்குடா அரைப்பேரு? நெறை கொறஞ்சு ஒரு நாளு மலைய விட்டு எறங்கியிருப்பேனா? எந்தக் கண்டாக்கு எழுதுனான்? கூப்பிடு அவன!"

"லயத்துப் புள்ளைன்னு நம்பி வந்தோமே, இதுவும் கழுத்தறுக்குதே" என்றார் பின்னால் நின்றவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் ஒரு 'பேர்'. கொழுந்து நிறை குறைந்தால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பாதிச் சம்பளம்தான் எழுதுவார் — அரைப்பேர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கொழுந்தெடுக்கப் போன அம்மா, அரைப்பேர் விழுந்த நாளில் தன் சோற்றையும் எங்களுக்கே போட்டுவிடுவார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கா இது மறந்தது? கணினிக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். கிடைத்த சொல்லில் ஏற்கெனவே யாருடைய வயிறு எரிந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை.

உள்ளே சேர் சிரித்த சிரிப்பில் சிலிப்புகள் பறந்தன.

இரண்டரைக்கு நூறு வீதம். அக்கா விடவில்லை. "வாசி." வருஷம் வருஷமாக வாசித்தேன். முப்பத்தொன்று முடிந்ததும்தான் உட்கார்ந்தார். ஏழு பேருக்கும் கடிதம் அடித்துக் கொடுத்தேன்.

"சரி தம்பி... சொன்ன வாய்க்கு அவதாரம் கட்டு" என்றார் அக்கா.

அவதாரம் என்றால் அபராதம். ஏழு பிளேன்டீ, பதினான்கு வடை — ஆயிரத்து ஐம்பது ரூபா.